மடித்துப் போட்ட இலை

என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மீசை நரைத்த ஆண்பிள்ளைகளைத் தோப்பில் வட்டமாக உட்காரவைத்து, "இன்றைக்கு நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், ரயில் படியும் கொடுத்தார்கள். ஒரு கயிற்றுச் சுருள், கண் கட்டுவதற்குக் கொஞ்சம் துண்டுகள், ஒரு பெரிய அண்டா, ஒரு கரண்டி, இவற்றோடு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பாசஞ்சர் வண்டியில் போய் வந்தே என் காலம் கழிந்தது. அண்டாவைப் பார்த்துவிட்டு, கல்யாணச் சமையலுக்கு என்ன கேட்பீர்கள் என்று எத்தனையோ பேர் விசாரித்திருக்கிறார்கள். அவர்கள்தான் என் தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

செய்து கற்றல் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். கிராமத்து வாத்தியார்களை ஒரு முகாமில் கூட்டிவைக்க வேண்டும். எருக்குழி வெட்ட, சமைக்க, பெருக்க, கக்கூஸ் குழி தோண்ட, எல்லாவற்றுக்கும் முறை போட வேண்டும். சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து, செய்த வேலையிலிருந்து என்ன படிப்பினை கிடைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தால் மனிதன் திருந்திவிடுவான் என்பது கொள்கை. நான் கண்டது வேறு. குழி வெட்டியவன் குழி வெட்டக் கற்றுக்கொண்டான். பேசியவன் பேசக் கற்றுக்கொண்டான். வட்டத்தில் மிக அழகாகப் பேசுகிறவனின் கையைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பொட்டு மண் இருக்காது.

சரி, நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கிராமம் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலைக்கு உள்ளே தள்ளி இருந்தது. ஊர் ஒரு பக்கம், எங்கள் சேரி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஓடை. அப்பாவும் அம்மாவும் ஊர்க்காரர் நிலத்தில் கேப்பை அறுத்தார்கள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கினார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஊரார் கண்ணுக்கு எல்லாரும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஆளாளுக்கு ஒரு புதுப்பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேர் வைக்க வந்தவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

எங்களுக்கென்று ஒரு வாத்தியார் இருந்தார். ஊர்த்தெருக்காரர், நிலபுலம் உள்ளவர். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் உண்டு, அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். அதைத் தாண்டி அவர் சேரிக்குள் காலடி வைத்ததில்லை. நாங்கள் சிலேட்டில் எழுதி, தரையில் வைத்துவிட்டு, பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அவர் வந்து குனிந்து பார்ப்பார். தப்பு இருந்தால் கையிலிருக்கும் குச்சியால் அந்த எழுத்தைத் தட்டுவார். பிறகு குச்சியாலேயே சிலேட்டை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அ, ஆ, இ, ஈ எல்லாம் எனக்கு அந்தக் குச்சி நுனியிலிருந்துதான் வந்தது. வேப்பமரத்து வாத்தியார் என்று நாங்கள் அவருக்குப் பேர் வைத்திருந்தோம். வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

நான் திண்டிவனத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்து ஊருக்குத் திரும்பியபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. சேரிக்குள்ளேயே மண்சுவரும் கூரையும் போட்டு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வாத்தியாராகப் போக நான் ஆசைப்பட்டேன். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. என் தெருப் பிள்ளைகளின் சிலேட்டைக் கையில் வாங்கித் திருத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆனால் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. பட்டணத்துச் சங்கம் ஒன்று நடத்தும் செய்து கற்றல் முகாமில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கியவருக்குத்தான் அந்த வேலை. சேரிக்காரனான நான் வாங்கினால் எனக்குத்தான் முன்னுரிமை, வாங்காவிட்டால் வேலை வேப்பமரத்து வாத்தியாருக்கே போகும். அவரும் மனுப் போட்டிருந்தார். மரத்தடிச் சம்பளம் கைவிட்டுப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை.

முகாம் மயிலத்துக்குச் சற்று முன்னால் ஒரு மாந்தோப்பில் நடந்தது. தோப்பிலிருந்து பார்த்தால் மலைக்கோயில் தெரியும். முகாம் தலைவர் பட்டணத்துக்காரர், கதர் கட்டியவர், மிகவும் நல்லவர். நல்லவர் என்று நான் சொன்னால் ஜாக்கிரதையாக இருங்கள். பூப்போலப் பேசுவார். யாரையும் அதட்டமாட்டார். எது நடந்தாலும் குறுக்கே போகாமல் நின்று பார்த்து, சாயங்காலம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். அனுபவமே ஆசான், நாம் வெறும் துணை என்பார். உடம்புக்கு இயற்கை வைத்தியம் செய்துகொண்டிருந்ததால் பழமும் பாலும் தவிர வேறொன்றும் சாப்பிடமாட்டார். சமபந்தி முகாம் நடத்த வந்த மனிதருக்கு இதைவிடச் சௌகரியமான வியாதி கிடைக்காது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டார். தினம் ஒருவர் சமைக்க வேண்டும். சமைத்தவரே பரிமாற வேண்டும், சாப்பிட்டு முடிந்ததும் இலைகளையும் அவரே தூக்கிக் குழியில் போட வேண்டும். முகாமே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவர் முறை முடிந்ததாகக் கணக்கு. ஒருவர் முறை முடியாமல் அடுத்தவர் முறை தொடங்காது. எல்லா முறையும் முடித்தவருக்கே சான்றிதழ். சோம்பேறிகள் வேண்டுமென்றே சோற்றைக் குழையவிட்டுத் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. யாராவது சாப்பிடமாட்டேன் என்று சொல்லக்கூடும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. பட்டணத்துப் புத்தி.

என் சமையல் முறை வருவதற்கு முன் கண்கட்டு விளையாட்டு ஒன்று நடந்தது. ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வார், இன்னொருவர் அவர் கையைப் பிடித்துத் தோப்பைச் சுற்றி அழைத்து வருவார். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளருமாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வாய்த்தவர் வேப்பமரத்து வாத்தியார். தன் கண்ணைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் என் கையை ஒருமுறை பார்த்தார். பக்கத்துப் புங்கமரத்தில் ஒரு குச்சியை ஒடித்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.

"இத்தப் புடிச்சிக்கினு நட. மெதுவா."

அவரை நேராகக் காரைமுள் புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேலை முக்கியம். கல் தடுக்காமல், கிளை இடிக்காமல் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன். அன்று சாயங்கால வட்டத்தில் தலைவர் இதைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். மற்றவர்கள் கையைத்தான் பிடித்தார்கள், இவர்கள் இருவரும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்கள், கூட்டுறவில் இதுவும் ஒரு புதுமை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன், அல்லது எதையாவது எடுத்து எறிந்திருப்பேன்.

பிறகு என் முறை வந்தது. விடுதியில் எத்தனையோ பேருக்குச் சமைத்துப் பழகிய கை என் கை. சோறு வடித்தேன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் காரக்குழம்பு வைத்தேன். மல்லாட்டையை வறுத்துத் துவையல் அரைத்தேன். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேப்பமரத்து வாத்தியார்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார்.

"இன்னைக்கிக் கிருத்திகை. நாங்கல்லாம் விரதம்."

சொல்லிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே அத்தனை பேரும் போட்டுக்கொண்டார்கள். அடேயப்பா, ஒரே நிமிஷத்தில் எத்தனை பக்திமான்கள்! கிருத்திகை போன வாரமே போய்விட்டது. காவடி வண்டிகள் எங்கள் ஓடையைக் கடந்துதான் மயிலம் போகும். வேதக்காரனான எனக்கே தெரியும். முருகன் பாவம், மலைமேல் இருந்துகொண்டு இதையும் கேட்டுத் தொலைத்தார்.

அன்று சாயங்கால வட்டத்தில் புலனடக்கம் பற்றிப் பேசினார்கள். பசியை வென்றவன் உலகை வெல்வான் என்றார் ஒருவர். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முறை முடியாததால் மறுநாளும் நானே சமைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை, விரதம். அதற்கு மறுநாள் ஒருவருக்குச் சஷ்டி, ஒருவருக்குத் தாயார் திதி, ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு. எருக்குழி வெட்டும் வேலை மட்டும் நிற்கவில்லை. மத்தியானமானால் ஒதுங்கப் போகிறோம் என்று கும்பல் கும்பலாக மயிலம் சாலைப் பக்கம் போவார்கள். அங்கே ஒரு காபி கிளப் இருந்தது. திரும்பி வரும்போது வேட்டி மடிப்பில் மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், வாயில் வடை வாசனை அடிக்கும். கையில் காசு குறைவாக உள்ளவர்கள் நிஜமாகவே பட்டினி கிடந்தார்கள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அந்தப் பத்தில் குலமும் ஒன்று என்று பாட்டில் இருக்கிறது, ஆனால் சாதி பறக்காது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். முகாமில் நான் கற்றது அது ஒன்றுதான்.

சோறு வீணாகவில்லை. பக்கத்துச் சேரியிலிருந்து ஆட்கள் வந்து சாப்பிட்டுவிட்டு, குழம்பு அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சாப்பிட்டால் கணக்கில் சேராது. கணக்கில் சேருகிறவர்கள் சாப்பிடவில்லை. தோப்புக் கிணற்றடியில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டதெல்லாம் அந்தப் புதுக் கூரையைத்தான். கூரைக்கு ஓலை வேய்ந்தவர் என் அப்பா. வேலை கிடைத்தாலும் அதற்குள் வேப்பமரத்து வாத்தியார் வரப்போவதில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு பிள்ளைகளை வெளியே வரச்சொல்லிக் குச்சியை நீட்டுவார்.

தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். தோளில் கை போட வந்தவர் போடாமல் நிறுத்திக்கொண்டார். நிலைமை எனக்குப் புரிகிறது தம்பி, மனங்கள் மெதுவாகத்தான் பழுக்கும், நீங்கள் பெருந்தன்மையாக இந்த முறையை விட்டுக்கொடுத்தால் முகாம் மேலே நடக்கும், விட்டுக்கொடுப்பதும் ஓர் உயர்ந்த அனுபவம் என்றார். என் சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்டேன். முறை முடியாமல் எப்படித் தருவது, விதி இருக்கிறதே என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

"அப்ப நீங்க வந்து சாப்பிடுங்க ஐயா," என்றேன். "நீங்க உக்காந்தா அவங்களும் உக்காருவாங்க."

அவர் முகம் உரித்த வாழைப்பழம்போல் வெளுத்தது. இயற்கை வைத்தியத்தின் நடுவில் சோறு பட்டால் ஆறு மாத உழைப்பு பாழாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி கண்ணே. வேப்பமரத்து வாத்தியாராவது குச்சியை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் அதைப் பழக்கூடைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். இருவரில் யாரை அதிகம் வெறுப்பது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை.

முறையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாளும் அடுப்பை மூட்டினேன். அன்று உச்சிவேளை தாண்டி ஒரு மோட்டார் தோப்புக்குள் புகைவிட்டுக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சாயபு. வாத்தியார்களின் சம்பள உயர்வும் மாற்றலும் அவர் பேனாவில் இருந்தன. விழுப்புரத்திலிருந்து காலையில் கிளம்பியவர், வண்டி வழியில் கொதித்து நின்றுபோய், வெய்யிலில் வெந்து வந்திருந்தார். தலைவர் வரவேற்புரையை ஆரம்பித்தார். சாயபு கோட்டைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினார்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். பசி உயிர் போவுது. இன்னா இருக்குது? ஜல்தி போடுப்பா."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போட்டேன். இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். மூன்றாம் தடவை துவையல் கேட்டார். யார் சமைத்தது என்று விசாரித்தார், நான்தான் என்றேன். எந்த ஊர், எந்தத் தெரு என்றும் கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். போட்ட இலைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன, வாத்தியார்கள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவங்கல்லாம் ஏன் நிக்கிறாங்க?"

கும்பல் ஓரடி பின்னால் நகர்ந்தது. அப்புறம் யாரோ ஒருவர், ஐயா முதலில் சாப்பிடட்டும் என்று காத்திருக்கிறோம் என்றார். சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கிருத்திகை போன இடம் தெரியவில்லை. சஷ்டி எங்கோ போயிற்று. திதிக்காரர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். தலைவரும் வந்து ஓர் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். இயற்கை வைத்தியம் அந்த நிமிஷம் குணமாகிவிட்டது. சீ, என்று காறித் துப்பலாம் போல் இருந்தது எனக்கு. ஆனாலும் ஓடி ஓடிப் பரிமாறினேன். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் என் பள்ளிக்கூடம் ஓரடி கிட்டே வந்தது.

வேப்பமரத்து வாத்தியார் வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்து, மரியாதையாக இலையை மடித்து, ஓர் ஏப்பமும் விட்டு, கை கழுவப் போனார்.

எல்லாரும் எழுந்தபின் இலைகளைத் தூக்கினேன். சாப்பிட்ட இலைக்குக் கனம் இருக்காது. கையில் அள்ளினால் சருகுபோல் வரும். கோடி இலை மட்டும் கனத்தது. குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். நான் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. குழம்பு ஊற்றிய இடத்தில் அப்படியே நின்றிருந்தது. துவையல் உருண்டை உடையவில்லை. அந்த ஏப்பத்தை நினைத்ததும் எனக்குக் கண் இருண்டது. விரதம் என்று சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

ஓடிப்போய் அந்த இலையைச் சாயபு முன்னால் விரித்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் முகாம் முழுவதும் சாப்பிடவில்லை, என் முறை முடியவில்லை என்று ஆகும். மறுபடி மடித்தேன். குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

சாயங்கால வட்டத்தில் சாயபுவும் உட்கார்ந்திருந்தார். அன்று எல்லாரையும்விட அழகாகப் பேசியவர் வேப்பமரத்து வாத்தியார். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே உலைச்சோறு உண்டோம், காலகாலமான வேற்றுமை இன்று கரைந்தது என்றார். தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னையும் பேசச் சொன்னார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சான்றிதழ் வந்தது. வேலையும் வந்தது. அப்பா வேய்ந்த கூரைக்குள் என் தெருப் பிள்ளைகளின் சிலேட்டை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் திருத்தினேன். முதல் நாள் ஒரு பெண்பிள்ளை பழக்கதோஷத்தில் சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றது. கூப்பிட்டுக் கையில் கொடுக்கச் சொன்னேன். அதற்குள் யாரோ சிரித்தார்கள், அதுவும் சிரித்தது.

சில வருஷம் கழித்து அதே சாயபு, மயிலத்து விரதக் கதையை யார் மூலமோ கேள்விப்பட்டு, என்னை முகாம் வேலைக்கு இழுத்தார். பட்டினி போட்டே பந்தியில் உட்காரவைத்தவன் நீதானே, நீ போய் நடத்து என்றார். இப்படித்தான் நான் அனுபவக் கல்விக்காரன் ஆனேன். யுத்தம், அரிசிப் பஞ்சம், ரேஷன், எல்லாவற்றுக்கும் நடுவில் முகாம் நடத்தினேன். அரிசி கிடைக்காத மாதங்களில் கேப்பைக் களி கிண்டினோம். சுதந்திரம் வருவதற்கு முன் ஒரு தினுசான குல்லாய்க்காரர்கள் வந்து சமத்துவம் பேசிவிட்டுப் போனார்கள், வந்தபின் வேறு தினுசு. இரண்டு தினுசுக்காரர்களும் ஃபிளாஸ்க்கில் சொந்தக் காபி கொண்டுவந்தார்கள். நான் பழைய விதிகளை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் சேர்த்தேன். முதல் சமையல் முறை முகாம் தலைவருடையது. நான் சமைப்பேன், நான் பரிமாறுவேன், நான் இலை தூக்குவேன். என் முறை முடியாமல் முகாம் ஓரடி நகராது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் விழுப்புரத்தில் ஒரு முகாம். ரயிலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு புளியந்தோப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். அவர்களுக்கு நடுவில் தகரப்பெட்டியும் குடையுமாக வேப்பமரத்து வாத்தியார் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேலையில் கடைசி வருஷங்கள். தலைமை வாத்தியார் பதவி கிடைத்தால் பென்ஷன் உயரும், அதற்கு முகாம் சான்றிதழ் வேண்டும். முன்பு மயிலத்தில் வாங்கியது செல்லாதாம், புது சர்க்கார், புது விதி. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பவர்போல் ரயிலடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

முதல் நாள் சமைத்தேன். வேண்டுமென்றே அதே சமையல்தான், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு. ரேஷன் அரிசி, கல் பொறுக்கிக் கைவலி. இளவட்டங்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் மட்டும் பெரிய உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குப் போனால் அவரவர் தெருவில் அவரவர் பழைய ஆட்கள்தான். பசியும் ரேஷனும் சேர்ந்து அவர்களை உட்காரவைத்தன. வேப்பமரத்து வாத்தியார் மட்டும் புளியமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, இன்றைக்குத் தனக்கு விரதம் என்றார்.

"சரிங்க. முடிச்சிட்டு வாங்க. என் முறை நிக்கட்டும்," என்றேன்.

மறுநாள் மறுபடி நானே சமைத்தேன். அவர் மறுபடி விரதம். இளவட்டங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முறை நின்றால் முகாம் நீளும், முகாம் நீண்டால் ஊருக்குப் போவது தள்ளும். ஒருவன் நேராகவே கேட்டுவிட்டான்.

"பெருசு, உன்னால எல்லாருக்கும் பேஜாரு. ஜல்தி ஒரு வாய் துன்னுட்டுப் போயேன்."

நான் அவனை அதட்டவில்லை. அனுபவமே ஆசான், நாம் வெறும் துணை.

அடுத்த நாள் மத்தியானம் பந்தி போட்டபோது அவர் அடுப்படிக்கு வந்து நின்றார். விரதம் பற்றிப் பேசவில்லை. வேறு எதையோ சொல்ல வந்து, அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே நான்தான். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க," என்றேன். "குச்சியால சொல்லிக் குடுத்தீங்க."

அவர் போய் வரிசைக் கோடியில் உட்கார்ந்தார். நான் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன், துவையலை உருட்டி வைத்தேன். மற்றவர்களுக்குப் பரிமாறப் போனேனே தவிர அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிட்டு எழுந்து போனார், ஏப்பம் விட்டதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒன்றும் கற்றிருக்கமாட்டார். பென்ஷனுக்காக உட்கார்ந்தார், அதுகூட எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய்த் தலை முழுகியிருப்பார்.

ஆனால் அதற்கு முன், பந்தி முடிந்ததும், இலைகளைத் தூக்கிக்கொண்டே கோடிக்குப் போனேன். அவர் இலையை மடித்திருந்தார். குனிந்து எடுத்தேன். கையில் கனம் இல்லை. பிரித்தேன். மென்று துப்பிய முருங்கைச் சக்கையும் இரண்டு கறிவேப்பிலையும்தான் இருந்தன. துவையல் வைத்த இடத்தைக்கூட விரலால் வழித்திருந்தார். குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இளவட்டங்கள் யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்றுகூட நினைக்காமல், விசித்து அழுதேன். மயிலத்துத் தோப்பில் தொடங்கிய என் முறை அன்றைக்குத்தான் முடிந்தது.